பச்சைத் துணிக்காக நான் ஓடிய ஓட்டம்

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கச்சி மௌத்தானபோது என் மடியில் விட்டுப் போனவை. ஏழு பேரும் புத்தகத்தைத் தடதடவென்று வாசிப்பார்கள். எழுத்துக் கூட்டுகிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். குர்ஆன் ஓதுவதில் என்னோடு போட்டிக்கு வர இந்தத் தெருவில் ஆளில்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆனால் தமிழ் எழுத்து என்னைக் கண்டால் கரை நண்டு மாதிரி நாலு பக்கமும் ஓடிப்போகும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நல்ல தமிழில் எழுது, மனிசர் கதைத்ததை மட்டும் கதைத்த மாதிரியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

என்னோடு அந்த மணலில் ஓடித் திரிந்த கூட்டாளிமாரே, இது உங்களுக்குத்தான். இப்போது முட்டுக்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒழும்புவதற்கு ஒரு பிஸ்மி, இருப்பதற்கு ஒரு பிஸ்மி என்று சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். நானும் அப்படித்தான். போன கிழமை பேத்தி பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி முடிந்து நீலத் தொப்பியோடு வந்தாள். "மூத்தம்மா, ஒங்கட காலத்தில இல்லமெல்லாம் இரிந்திச்சா? நீங்க என்ன நிறம்?" என்று கேட்டாள். "பச்சை" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

பள்ளிக்கூடம் கடலுக்குக் கிட்ட இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே நீள மண்டபம், அரைச்சுவர், மேலே கிடுகு, கீழே மணல். கடல் இரைகிற மாதத்தில் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஏழாம் வாய்ப்பாடு அலைக்குள் போய்விடும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். மெலிந்த மனிசன். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதற்கு முன் நம் ஊரில் ஒருவரும் விசிலைக் கண்டதில்லை. அவர் முதல் தடவை ஊதியபோது, பக்கத்து வளவில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"புத்தகத்துக்கு வெளியிலயும் படிப்பு இருக்குது பிள்ளையள்" என்றார் அந்த மாஸ்டர். நாங்கள் 'பிள்ளையள்' என்ற சொல்லுக்கே ஒரு கிழமை சிரித்தோம். அதற்குப் பிறகு மதியத்துக்கு முன்னேயே பாடத்தை முடித்துவிட்டு எங்களை வெளியே கொண்டுபோவார். ஒரு நாள் தோட்டம். மணலில் மாட்டெருவைப் போட்டு வத்தாளங்கொடி, அதுதான் சர்க்கரைவள்ளி, நட்டோம். இன்னொரு நாள் களிமண்ணில் சட்டி பானை. இன்னொரு நாள் கடற்கரையில் சிப்பி சோகி பொறுக்கி, ஒரு இனத்தை ஒரு வரிசையாக அடுக்கச் சொல்வார். அடுக்கிவிட்டுப் பார்த்தால் வரிசையில் ஒன்று ஒழும்பி நடந்து போகும், உள்ளே நண்டு இருந்திருக்கும். "பாடம் நடந்து போகுது மாஸ்டர்!" என்று கத்துவோம். அவரும் சிரிப்பார்.

வீடுகளில் இது பிடிக்கவில்லை. "வட்டையில செய்யிற மண்வேலைய இவள் பள்ளிக்கூடத்துக்குப் போயும் செய்யிறாள். அப்ப என்னோட வயலுக்கே வரலாமே" என்று ஒரு வாப்பா வந்து சத்தம் போட்டார். மாஸ்டர் சொல்லித் தந்த யாழ்ப்பாணத்துப் பாட்டைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய் 'வாங்கோ, இருங்கோ' என்று சொன்ன பிள்ளைகளுக்குத் தலையில் குட்டு விழுந்தது. எனக்கு விழவில்லை. என் உம்மாவே 'வாங்கோ' என்று சொல்கிறவர்தான். அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

என் உம்மா கண்டிப் பக்கத்துப் பெண். வாப்பா கருவாடும் பன்பாயும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய் வியாபாரம் செய்தவர். ஒருமுறை போனவர் வரும்போது உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நம் ஊரில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணொருத்தி பெட்டியோடு ஆண் வீட்டுக்கு வந்து இறங்கியது ஊருக்கே புதினம். உம்மாவின் பேச்சும் வேறு. நாம் 'இரிக்கி' என்போம், உம்மா 'ஈக்கிது' என்பார். கடைக்குப் போனால் பின்னாலேயே 'ஈக்கிது ஈக்கிது' என்று கூட்டம் வரும். அதனால் உம்மா வேலிக்கு வெளியே வாய் திறப்பதையே விட்டுவிட்டார்.

பேரப்பிள்ளைகள் வாசிக்கும்போது முழிக்கக் கூடாது, அதற்காக இதையும் சொல்கிறேன். நம் கரையில் குடி என்று ஒன்று உண்டு. அது வாப்பாவிடமிருந்து வராது, உம்மாவிடமிருந்து வரும். ஒரே குடிக்காரர் கூடப்பிறந்தவர் மாதிரி, அவர்களுக்குள் கலியாணம் இல்லை. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். கலியாணம், கந்தூரி விருந்து, மையித்து அடக்கம் எதுவானாலும் அவர் வந்து முன்னால் இருப்பார். என் உம்மாவுக்கு இந்த ஊரில் குடி இல்லை. அப்படியானால் எனக்கும் இல்லை. கந்தூரிச் சோற்றுக்குப் போனால் பெண்கள் குடி குடியாக இருந்து ஒரே சகனில், ஒரே பெரிய தட்டில், கை வைப்பார்கள். என்னையும் உம்மாவையும் விருந்தாளி என்று தனியே இருத்தி, எல்லாருக்கும் முதல் சோறு வைப்பார்கள். முதல் சோறு மரியாதை என்று வாப்பா சொல்வார். அந்தச் சோறு உம்மாவுக்கு இறங்கியதை நான் கண்டதில்லை.

எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் என் கூட்டாளி இருந்தாள். நானும் அவளும் ஒரே மாரியில் பிறந்தவர்கள். நான் பிறந்தவுடன் உம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. கூட்டாளியின் உம்மாதான் ஒரு பக்கம் தன் மகளையும் மறுபக்கம் என்னையும் போட்டுப் பால் தந்து வளர்த்தார். அவரை நான் பாலும்மா என்று கூப்பிடுவேன். அந்தக் காய்ச்சலைப் பற்றி என் உம்மா ஒரு நாளும் கதைத்ததில்லை. யாராவது எடுத்தால் ஒழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார்.

அறுவடை முடிகிற காலத்தில் மாஸ்டர் விளையாட்டுப் போட்டி வைக்கப் போவதாகச் சொன்னார். பாய்க்குப் போடுகிற சாயத்தில் பழைய சாரத் துணியை முக்கி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துண்டு துண்டாகக் கிழித்து ஒரு மண்முட்டிக்குள் போட்டார். ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். எடுத்த நிறம்தான் உன் இல்லம். எனக்குப் பச்சை வந்தது. கூட்டாளிக்கும் பச்சை. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் முட்டி உருண்டது.

எனக்கு ஓட வரும். இதை நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் எல்லாரும் என் முதுகைப் பார்த்துத்தானே ஓடினீர்கள். சாவலைப் பிடிக்க உம்மா கத்தியை எடுக்க முதல் நான் சாவலோடு வந்து நிற்பேன். ஆனால் அன்றைக்கு நான் குதித்தது ஓட்டத்தை நினைத்து அல்ல. 'நீ என்ன?' என்று கேட்டால் சொல்ல எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. உம்மா அந்தத் துணியைக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் விறைக்க வைத்து, என் தலையில் கட்டிவிட்டார்.

பிழை நடந்தது அடுத்த இரண்டு லீவு நாளிலும்.

பிள்ளைகள் நிறம் நிறமாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களா, ஒரே வீட்டில் மூத்தவளுக்குச் சிவப்பும் இளையவளுக்கு மஞ்சளும். உம்மாமாருக்குத் தலை கிறுகிவிட்டது. "ஒரு வயித்தில பொறந்ததுகளுக்கு ரெண்டு பக்கமா? அந்த வாத்தி என்ன, என்ட வயித்தையா பங்கு போடுறாரு?" என்று ஒருத்தி கிணற்றடியில் நின்று கேட்டது எங்கள் வளவு வரைக்கும் கேட்டது. நம் ஊரில் மனிசரைப் பிரிப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. மாஸ்டருக்கு அது தெரியாது, வெளியூர் மனிசன், பாவம், பிழையாகப் பிரித்துவிட்டார், நாம் திருத்திக் கொடுப்போம் என்று உம்மாமார் நினைத்துக்கொண்டார்கள். பன்பாய் இழைக்கிற ஊரில் சாயத்துக்குப் பஞ்சமா? எல்லா வீட்டிலும் சாயப்பானை அடுப்பில் ஏறியது. ஆட்கள் கூடிய பெரிய குடி சிவப்பை எடுத்தது. பள்ளிவாசலில் முன்னுக்குக் கதைக்கிற குடி மஞ்சளை எடுத்தது. மிஞ்சிய பச்சை, பாலும்மாவின் சின்னக் குடிக்கு. குடிகளின் பேரை இங்கே சொல்லமாட்டேன். இன்றைக்கும் சண்டை வரும்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. பாலும்மாவும் சொல்லவில்லை. என் தலையில் ஏற்கெனவே பச்சை இருந்தபடியால் சொல்ல ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

லீவு முடிந்து வந்த காலை மாஸ்டர் வரிசையைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தவர் ஊதாமலே எடுத்தார். சிவப்பு வரிசை வாசல் வரைக்கும் நீண்டு நின்றது. பச்சை வரிசையில் ஒரு கை அளவுப் பிள்ளைகள்.

"நான் பிரிச்சது இப்பிடி இல்லையே?"

"இதுதான் சரி மாஸ்டர். உம்மா சாயம் மாத்தித் தந்த" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம் என்று சொல்ல ஆசை. நான் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கிக்கொண்டு வந்தது. பச்சை வரிசையில் மூத்த பிள்ளையாக நின்றவன் என் பக்கம் திரும்பினான்.

"நீ எங்க நிக்காய்? ஒன்ட உம்மா எங்கட குடி இல்லையே. கழட்டு கா அத."

கூட்டாளி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழற்ற எனக்குக் கை வரவில்லை. அவனே கழற்றி எடுத்தான்.

"அப்ப இந்தப் பிள்ளை எதில?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அவக்குக் குடி இல்ல மாஸ்டர். அவட உம்மா 'ஈக்கிது' உம்மா."

சிரிப்பு எழும்பியது. மாஸ்டருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஆனாலும் விசிலை ஊதி அடக்கினார்.

அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மீண்டும் கலக்கப் போவதாகச் சொன்னார். அந்தச் செய்தி போய், மூன்று குடி மரைக்கார்மாரும் வெள்ளைச் சாரம், குடை சகிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து கேட்டோம்.

"ஐயாமாரே, இது விளையாட்டு. பிள்ளையள் கலந்து விளையாடினாத்தானே ஒற்றுமை வரும்" என்றார் மாஸ்டர்.

"கலந்து ஓடினா ஆரு வெண்ட, ஆரு தோத்த எண்டு எப்பிடித் தெரியும் மாஸ்டர்?" என்றார் மஞ்சள் மரைக்கார்.

"எங்கட புள்ளைகள் மூணு பக்கமும் நிண்டா எங்கட குடி எங்களுக்கிட்டயே தோக்குமே!" என்றார் சிவப்பு மரைக்கார்.

பச்சை மரைக்கார் குள்ளமான மனிசன். பாலும்மாவின் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார், "தோக்கிறது பெரிய காரியமில்ல மாஸ்டர். ஆருக்கிட்டத் தோத்த எண்டு வெளங்கோணும். இல்லாட்டிச் சோறு இறங்காது."

மாஸ்டர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார். அதற்குள் சிவப்பு மரைக்கார் பந்தல் தன் குடியின் செலவு என்றார். மஞ்சள் மரைக்கார் சும்மா இருப்பாரா? இளநீர் ஒரு மாட்டு வண்டில் நிறைய என்றார். பச்சை மரைக்கார் கொஞ்சம் யோசித்து, தோட்டத்துக்கு வேலி அடைத்துத் தருவதாகச் சொன்னார். அந்த வேலிக்காக மாஸ்டர் வந்த நாள் முதல் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நட்ட வத்தாளையை ஆடு மாடெல்லாம் மேய்ந்துகொண்டிருந்தது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அந்த வேலிக்காகத்தான் மாஸ்டர் இசைந்திருக்கவேண்டும். ஊரே முதல் தடவை அவர் கேட்காமல் கை கொடுக்கிறது. நானும் அந்த இடத்தில் இருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு பிள்ளை கணக்கில் விடுபட்டுப் போவது அந்தச் சந்தோசத்தில் யார் கண்ணுக்குத் தெரியும்?

தெரிந்த பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீ ஒருதருக்கும் பக்கமில்லாத ஆள் பிள்ளை. அதால ஓட்டம் முடியிற இடத்தில கயிறு பிடிக்கிற வேலை உனக்குத்தான். வலு பெரிய பொறுப்பு, விளங்குதோ?" என்று சொல்லி, என் தலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார். எனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்ட சந்தோசம் அவருடைய முகத்தில். மற்றவர் ஓட்டம் பழகும்போது நான் கயிறு பிடிக்கப் பழகினேன். முதலாவதாக வருகிறவளின் நெஞ்சு பட்டதும் கயிற்றை விட்டுவிடவேண்டும். வேறொன்றும் இல்லை. என் காலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

வெள்ளையோடு வீட்டுக்குப் போனேன். உம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"இது ஏன் வெள்ள? ஆருசரி மௌத்தாகி ஈக்கா?"

வெள்ளை, புருசன் மௌத்தாகி இத்தா இருக்கிற பெண்ணுக்கு, இல்லாவிட்டால் மையித்தைச் சுற்றுகிற கபனுக்கு. மாஸ்டருக்கு அதுவும் தெரியாது. நான் நடந்ததைச் சொன்னேன். உம்மா அந்தத் துணியை அவிழ்த்து நாலாக மடித்து, கண்டியிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில் வைத்தார். பின்னேரம் வாப்பா வந்ததும், "எங்கட குடி என்ன வாப்பா?" என்று கேட்டேன். "நம்மளுக்கு அல்லாஹ் இரிக்கான் மகள்" என்றவர் பாய்க்கட்டை இறுக்கக் கயிறு எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அல்லாஹ் எல்லாருக்கும் இருக்கிறான். நான் கேட்டது அதையல்ல.

போட்டி நாள் வந்தது. தென்னோலைப் பந்தல். மூன்று நிறத்திலும் கொடிகள். பள்ளிக்கூடத்து மணலில் உமிச்சாம்பலால் ஓட்டக் கோடு போட்டார்கள். கடற்காற்று அதை அழித்துக்கொண்டே வரும், ஒரு பெரியவர் சுளகோடு பின்னால் போய்ப் போட்டுக்கொண்டே வருவார். ஆண்கள் பந்தலுக்குள். பெண்கள் கிடுகு வேலிக்குப் பின்னால். ஆனால் அந்த வேலி அன்றைக்கு வேலியாகவா இருந்தது? ஓலைக்கு ஓலை ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை கண். பாலும்மா என் உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். "மகள் கயிறு பிடிக்கிறாள், வந்து பாரு கா" என்றாராம்.

தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடுகிற ஓட்டம் நடந்தது. சாக்கு ஓட்டம் நடந்தது. நூலில் தொங்குகிற பணிஸ் ரொட்டியைக் கை படாமல் தின்கிற போட்டியில் மஞ்சள் குடிப் பிள்ளையொன்று பணிசை நூலோடு விழுங்கிவிட்டது. இரண்டு பேர் நூலின் மறு நுனியைப் பிடித்து இழுத்து மீட்டார்கள். பணிசை யார் வென்றது என்பதற்கு மரைக்கார்மார் அரைமணி நேரம் வாதாடினார்கள்.

கடைசியில் பெண் பிள்ளைகளின் பெரிய ஓட்டம். குடிக்கு ஒருத்தி. சிவப்புக்குக் கொக்குக்கால்காரி ஒருத்தி. மஞ்சளுக்கு ஒருத்தி. பச்சைக்கு என் கூட்டாளி. அவள் நடப்பதே தாரா நடை, வாத்து மாதிரி அசைந்துதான் வருவாள், ஆனால் அந்தச் சின்னக் குடியில் ஓடுகிற வயதில் வேறு பெண்பிள்ளை இல்லை. நான் மறு முனையில் கயிறோடு நின்றேன். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார்.

கூட்டாளி கோட்டை விட்டு வெளியே வந்தாள். ஓட்டப் பாதையின் நடுவால் மெல்ல நடந்து, உமிச்சாம்பலை மிதித்து அழித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த கயிற்றை வாங்கினாள். தன் தலையிலிருந்த பச்சையை அவிழ்த்து என் தலையில் கட்டினாள். இறுக்கிக் கட்டினதில் மயிரும் சேர்ந்து முடிச்சுக்குள் போனது.

"நீ போய் நில்லு. கயிற நான் பிடிக்கிறன்."

"ஏசுவாங்கடி" என்றேன்.

"எனக்கு ஓட ஏலாதெண்டு ஊருக்கே தெரியும். தோக்கிறதுக்கு என்னய எதுக்கு அனுப்புற?" பிறகு பந்தலைப் பார்த்துக் கத்தினாள், "மாமா! இவள் எங்கட உம்மாட பால் குடிச்சவள். இவள் ஓடட்டும்!"

பந்தல் எழும்பி நின்றது.

"அதெப்பிடி?" என்றார் சிவப்பு மரைக்கார். "பால் குடிச்சா குடியாகிருமா? அப்பிடியெண்டா நாங்களெல்லாம் மாட்டுப் பால் குடிச்சவங்கதானே!"

சிரித்தார்கள். பச்சை மரைக்கார் சிரிக்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெப்பையைப் பார்த்தார். லெப்பைக்கு இந்த ஓட்டம் சாட்டமே பிடிக்காது, இளநீருக்காக வந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"மார்க்கத்தில, பால் குடுத்த பொம்புள அந்தப் புள்ளைக்கு உம்மாதான். அவட ஆம்புளப் புள்ளைகள இவள் கலியாணம் முடிக்க ஏலா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். குடிய உங்களுக்குள்ள கதைச்சுக்கங்க."

பச்சை மரைக்கார் வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னுக்கு வந்தார். "நல்லம். ஒரு குடிக்குள்ள கலியாணம் முடிக்கிறமா?"

"இல்ல" என்றது பந்தல்.

"பால் குடிச்ச ஊட்டில கலியாணம் முடிக்கிறமா?"

"இல்ல."

"அப்ப கலியாணத்துக்கு ஆகாத அளவுக்கு இவள் எங்கட புள்ள. ஓடுறதுக்கு மட்டும் வேற ஆக்களா? இது எந்த ஊரு நியாயம்?"

சிவப்பு மரைக்கார் குடையை மறு கைக்கு மாற்றினார். பிறகு லெப்பையைப் பிடித்துக்கொண்டார். "பால் குடிச்ச எண்டா ஒரு சொட்டா ரெண்டு சொட்டா? கேளுங்க லெப்பை."

லெப்பை வேலிப் பக்கம் பாராமல், தரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "புள்ள வகுறு நிறையக் குடிச்சதா?"

வேலிக்குப் பின்னாலிருந்து பாலும்மாவின் குரல் வந்தது. "வகுறு நிறையவா? என்ட மகளுக்கு மிச்சம் வைக்காமக் குடிச்சவள் லெப்பை! அதாலதான் இவள் குதிரை மாதிரி ஓடுறாள், என்ட மகள் தாரா மாதிரிப் போறாள்!"

கிடுகு வேலி முழுக்கச் சிரித்தது. ஓலை அசைந்தது. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "அப்ப ஊதட்டோ?" என்று கேட்டார்.

கூட்டாளிமாரே, அந்தச் சிரிப்புக்குள் ஒருவர் சிரிக்காமல் நின்றிருப்பார் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. எனக்கு ஓட இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் தெரியும். ஒருநாளும் வாயால் சொல்லாத காய்ச்சலையும் வற்றிப்போன மார்பையும் ஊர் முழுக்க இருக்கிற பந்தலில் ஏலம் போடுவதை என் உம்மா பாலும்மாவுக்குப் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறார். நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லாரும் செய்தார்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான் பிள்ளை பெற்று, முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்த அன்றைக்குத்தான் எனக்கும் தோன்றியது.

விசில் ஊதியது. ஓடினேன்.

மணல் காலை இழுக்கும், ஆனால் ஈரமான பக்கம் எதுவென்று எனக்குத் தெரியும். கொக்குக்கால்காரி ஒரு பக்கம், மஞ்சள்காரி மறு பக்கம். பாதித் தூரத்தில் மஞ்சள்காரியின் மூச்சு எனக்குப் பின்னால் போய்விட்டது. கொக்குக்கால்காரியின் நிழல் மட்டும் என் காலுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டாளி துள்ளுவது தெரிந்தது. வேலிப் பக்கம் ஒரே கூச்சல். "ஓடு கா! ஓடுடி! விட்டிராத கா!"

அந்தக் கூச்சலுக்குள் ஒரு குரல்.

"ஓடுங்கோ மகள்! ஓடுங்கோ!"

நம் ஊரில் பெற்ற மகளை யார் 'ஓடுங்கோ' என்று கூப்பிடுவார்கள்? ஒரே ஒருத்தி. வேலிக்கு வெளியே வாய் திறக்காதவர். அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. நான் கிறுகித் திரும்பிப் பார்த்தேன். கிடுகு ஓலையைப் பிரித்துக்கொண்டு முகம் முழுக்க வெளியே வந்திருந்தது. முக்காடு தோளில் கிடந்தது.

ஒரு கண் வெட்டு நேரம்தான். கொக்குக்கால்காரியின் நெஞ்சு கயிற்றில் பட்டது. நான் இரண்டாவது.

சிவப்புக் குடி கூத்தாடியது. பச்சை மரைக்கார் தலைத் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"பாத்தீங்களா! கையில வந்தத விட்டிட்டாளே! எங்கட குடிட மானத்த வேலியப் பாத்து வித்திட்டாளே!" பிறகு பந்தல் பக்கம் திரும்பி, "இது எங்கட குடிப் பொண்டுகள்ர பழக்கம்! ஒண்டும் நேர பாக்காதுகள்! இவளும் அப்பிடித்தானே இரிப்பாள்!" என்று கத்தினார்.

எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை. அவர் சொன்னதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கட குடிப் பொண்டுகள். இவளும் அப்பிடித்தானே. என்னை ஊரில் பலர் ஏசியிருக்கிறார்கள். ஆனால் தங்களுடைய பிள்ளை என்று ஒருவர் ஏசியது அதுதான் முதல். வென்ற பிள்ளைக்கு ஒரு எனாமல் கோப்பை கொடுத்தார்கள். எனக்கு ஒரு சவுக்காரக் கட்டி. அந்தச் சவுக்காரத்தை உம்மா தேய்க்கவே விடவில்லை. பச்சைத் துணியோடு தகரப் பெட்டிக்குள் கிடந்து பெட்டியே மணத்தது.

அன்று பின்னேரம் பாலும்மாவின் வளவில் தோற்ற குடி கூடிச் சோறு சமைத்தது. தோற்றால் சமைப்பானேன் என்று கேட்காதீர்கள், ஆருக்கிட்டத் தோற்றது என்று தெரிந்துவிட்டதல்லவா, அதனால் சோறு இறங்கும். உம்மா வழமை போல ஒரு ஓரத்தில் போய் இருந்தார், முதல் சோறு வரும் என்று. வரவில்லை. பாலும்மா வந்து அகப்பையை உம்மாவின் கையில் திணித்தார்.

"என்ன கா இரிக்காய்? ஆக்கள் காத்திட்டு இரிக்காங்க. போடு."

உம்மா சகன் சகனாகச் சோறு போட்டுக்கொண்டு போனார். எல்லாரும் தின்று ஒழும்பிய பிறகு, பாலும்மாவும் உம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் பானையை வழித்து, கருகிய அடிச்சோற்றை ஒரே சகனில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி உம்மாவைப் பார்த்து, "நீ இண்டைக்குக் கத்தின கத்துக்கு ஒலுவில் ஊரு மட்டுக்கும் கேட்டிரிக்கும்" என்றாள். "எனக்கிட்ட இன்னம் ஈக்கிது" என்றார் உம்மா. அந்தச் சொல்லுக்கு அவர்களும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். அந்தக் கருகிய சோறு அவருக்கு இறங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

அடுத்த வருடம் நான் பெரிய பிள்ளையாகி வீட்டோடு நின்றுவிட்டேன். மாஸ்டரும் மாற்றலாகிப் போனார். போகும்போது அவருடைய தோட்டத்து வத்தாளங்கிழங்கு வீட்டுக்கு வீடு வந்தது, வேலி இருந்ததால். என் கலியாணத்துக்குப் பச்சை மரைக்கார்தான் வந்து முன்னால் இருந்தார். என் பிள்ளைகளின் கலியாணத்துக்கு அவருடைய மருமகன். ஏழு பேரையும் அந்தக் குடியில்தான் எண்ணுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குடியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நல்லதுதான். இல்லாதவளுக்குத்தான் அதன் அருமை தெரியும், இருப்பவர்களுக்கு விட்டுவிடுவது லேசு.

கடல் ஊருக்குள் வந்த அன்று அந்தப் பள்ளிக்கூடமும் போனது, தகரப் பெட்டியும் போனது, அதற்குள் இருந்த பச்சைத் துணியும் போனது. உம்மாவும் பாலும்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். கூட்டாளி இருக்கிறாள். மூன்றாம் வளவு. காது கேட்காது, வாய் மட்டும் குறையவில்லை. "நீ கிறுகாட்டியும் தோத்துத்தான் இரிப்பாய்" என்று இன்றைக்கும் சொல்கிறாள். கயிறு பிடித்தவள் அவள். கொக்குக்கால்காரி வரும்போது கயிற்றைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்திருக்கலாமே என்று நான் கேட்கிறேன். "நான் ஒருத்தருக்கும் பக்கமில்லாத ஆள்" என்கிறாள் கிழவி.

போதும் மகள், கை நோகும். பேனையை வை. இப்போது முதலில் இருந்து ஒருக்கால் வாசி, கேட்போம். கடல் இரைகிறது, சத்தமாக வாசி. நான் ஓடுகிற இடம் வந்ததும் அவசரப்படாதே. என் உம்மா கூப்பிட்டதை அவர் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு. இந்த முறையும் நான் திரும்பித்தான் பார்ப்பேன்.